வாட்டர் பாடி விட்டு விட்டுக் கெடுமா?

ஒரு வாசகர் எழுதியது, மே 3

வாட்டர் பாடி என்பது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரைச் சுற்றித் தள்ளுகிற பம்ப். பம்ப் என்றால் ஒன்று ஓடும், இல்லையென்றால் நின்றுவிடும். அதுவும் டைமிங் பெல்ட்டில் ஓடுகிற பம்ப் வழுக்க வழியே இல்லை. பெல்ட்டில் பல் இருக்கிறது. ஒரு நாள் சூடாகிறது, ஒரு நாள் ஆகவில்லை என்று சொல்கிறவர்கள் ரேடியேட்டரைச் சுத்தம் செய்யாதவர்கள். விட்டு விட்டுக் கெடும் வாட்டர் பாடி என்று ஒன்று இருந்தால் யாராவது கையில் பிடித்துக் காட்டுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

மே 3, இரவு 10.15

மேலே எழுதியவருக்கு என் பதில்: ரேடியேட்டரை மார்ச்சிலேயே கழற்றிச் சுத்தம் செய்தாயிற்று. செம்மண் கரைத்த மாதிரி தண்ணீர் வந்தது. அப்படியும் சூடாகிறது.

வண்டி 13 வருட டீசல். பம்ப் டைமிங் பெல்ட்டில்தான் ஓடுகிறது. மாதம் ஒருமுறை கோட்டையூரிலிருந்து திருச்சிக்கு அப்பத்தாவைக் கண் டாக்டரிடம் கூட்டிப்போவேன். ஏப்ரல் முதல் வாரம், கீரனூர் தாண்டியதும் சூட்டு முள் பாதியிலிருந்து எழும்பி முக்காலுக்கு வந்தது. ஏ.சி.யை அணைத்து, ஒரு புளியமரம் பார்த்து ஓரம் கட்டினேன். எஞ்சினை நிறுத்தாமல் ஐடிலில் விட்டேன். ஐந்து நிமிடத்தில் முள் தானாகப் பாதிக்கு இறங்கிவிட்டது. கூலன்ட் (குளிர்விக்கும் திரவம்) டப்பாவில் அளவு அப்படியே இருந்தது. திரும்பி வரும்போது ஒன்றும் இல்லை.

மறுநாள் மெக்கானிக் அண்ணனிடம் விட்டேன். காரைக்குடிக்குள் இரண்டு சுற்று ஓட்டிவிட்டு, "வண்டி நல்லாத்தானே இருக்கு தம்பி" என்றார். நல்லாத்தான் இருந்தது. அங்கே போனால் எப்போதும் நல்லாத்தான் இருக்கும்.

மே 3, இரவு 10.40

எழுத மறந்தது: சொட்டு இல்லை. பம்பில் ஒழுகினால் வெளியே வருவதற்கென்று ஒரு சின்ன ஓட்டை வைத்திருப்பார்கள். அது உலர்ந்து கிடக்கிறது. பேரிங் சத்தமும் இல்லை. புல்லியில் ஆட்டம் இல்லை.

மே 4, காலை

கத்திரி தொடங்கிவிட்டது. இன்றைக்கு எழுதப் போவதைப் படித்துத் திட்டுகிறவர்கள் மெதுவாகத் திட்டவும்.

ரேடியேட்டர் சுத்தம் செய்தபோது தெர்மோஸ்டாட்டையும் (எஞ்சின் சூடாகும் வரை ரேடியேட்டர் வழியை மூடி வைக்கும் வால்வு) கழற்றி எறிந்துவிட்டோம். "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்குத் தம்பி, குளிர் நாட்டுக்காரன் வச்சது" என்றார் அண்ணன். நானும் தலையாட்டினேன்.

மே 4, இரவு

சரி, போதும், புரிந்தது. பதில் எழுதிய மூன்று பேர் சொன்னதையும் படித்தேன். தெர்மோஸ்டாட் ஊர் வெயிலுக்காக வைத்ததில்லை, எஞ்சினுக்காக வைத்தது. எஞ்சின் 80, 90 டிகிரியில் ஓடினால்தான் டீசல் ஒழுங்காக எரியும். அதைவிட எனக்குத் தெரியாமல் இருந்த விஷயம்: சில எஞ்சின்களில் தெர்மோஸ்டாட்டின் பின்பக்கம் இன்னொரு தட்டு உண்டு. முன்பக்கம் ரேடியேட்டர் வழி திறக்கும்போது பின்பக்கம் குறுக்கு வழியை அது மூடும். ஆளையே கழற்றிவிட்டால் குறுக்கு வழி எப்போதும் திறந்தே கிடக்கும். பாதித் தண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றி வரும். குளிர்ச்சிக்காகக் கழற்றி, சூட்டை வாங்கிக்கொள்கிற வேலை. நாளைக்குப் புதிது மாட்டுகிறேன்.

மே 5, இரவு 9.00

புதிது மாட்டியாயிற்று. இன்றைக்கு நல்ல சோதனையும் ஆயிற்று. வீட்டுப் படைப்புக்காக (முன்னோருக்குப் படையல்) சென்னையிலிருந்து வந்த அக்காவும் அயித்தானும் நகரத்தாரின் நகரக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் பார்த்துவிட வேண்டும் என்றார்கள். காலையில் பிள்ளையார்பட்டியில் தொடங்கி வைரவன்பட்டி, இரணியூர், இளையாத்தங்குடி என்று சுற்றி முடித்தபோது இருட்டிவிட்டது. ஐந்து பேர், ஏ.சி., டிக்கியில் வெள்ளைப் பணியாரத் தூக்கு வேறு. முள் அசையவே இல்லை.

தெர்மோஸ்டாட் இல்லாததுதான் கோளாறு. வழக்கு முடிந்தது.

மே 7, இரவு 11.30

முடியவில்லை. மே 5 பதிவை அழிக்காமல் விடுகிறேன், கிடக்கட்டும்.

இன்றைக்குத் திருச்சியிலிருந்து திரும்பும் வழி. நமணசமுத்திரம் தாண்டியதும் முள் ஏறியது. திருமயம் கோட்டைக்குக் கீழே போய் நிறுத்திவிடலாம் என்று மெதுவாக ஓட்டினேன். அப்போதுதான் இங்கே ஒருவர் எழுதியது ஞாபகம் வந்தது: சூடு ஏறினால் ஹீட்டரை முழுதாகத் திறந்து விடு, எஞ்சின் சூட்டில் கொஞ்சம் உள்ளே வந்துவிடும் என்று. பிற்பகல் இரண்டு மணி, கத்திரி வெயில், காருக்குள் ஹீட்டர். முதலில் அடுப்படிக் காற்று முகத்தில் அடித்தது. பின்சீட்டில் அப்பத்தா, "ஏப்பா, என்னைய ஒரேயடியா வேக வச்சு எடுக்கப் போறியா" என்றார்.

அரை நிமிடம் போயிருக்கும். "இப்பத்தான் நல்லாருக்கு. இதை முன்னாடியே போட்டிருக்கலாம்ல" என்றார்.

நான் ஒன்றையும் மாற்றவில்லை. திருகு முழுச் சூட்டில்தான் இருந்தது. முள் சிவப்பைத் தொடப் போகிறது. காற்று மட்டும் வெளிக்காற்று மாதிரி ஆகிவிட்டது.

எஞ்சின் கொதிக்கப் போகிறது, ஹீட்டர் சில்லிட்டுப் போகிறது. இது எப்படி? கோட்டையைப் பார்த்துக்கொண்டு இருபது நிமிடம் நின்றேன். பதில் வீட்டுக்கு வந்த பிறகுதான் கிடைத்தது. நாளைக்கு எழுதுகிறேன், கண் சொக்குகிறது.

மே 8, காலை 7.00

ஹீட்டர் என்பது டாஷ்போர்டுக்குள் இருக்கிற குட்டி ரேடியேட்டர். அதற்கு எஞ்சினிலிருந்து தனி வழி. என் எஞ்சினில் தெர்மோஸ்டாட் மூடியிருந்தாலும் அந்த வழி திறந்தேதான் இருக்கும்.

தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருந்தால் எஞ்சின் சூடு ஏற ஏற ஹீட்டர் காற்றும் ஏற வேண்டும். ரேடியேட்டர் அடைத்திருந்தாலும் அப்படித்தான். ஃபேன் ஓடாவிட்டாலும் அப்படித்தான். போதாததற்கு ஃபேன் கோளாறு ஊருக்குள் நெரிசலில் காட்டும், 80 கிலோமீட்டர் வேகத்தில் காட்டாது. இந்த மூன்றிலும் ஹீட்டர் கொதிக்கும்.

எஞ்சின் சூடாகி ஹீட்டர் மட்டும் குளிர்ந்தால், அந்தக் குழாய்க்குள் சூடான தண்ணீர் போய்ச் சேரவில்லை. ஒன்று, தண்ணீர் குறைந்து காற்று புகுந்திருக்க வேண்டும். டப்பா நிறைய இருக்கிறது. இல்லையென்றால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சின் தலைப் பகுதியின் அடைப்புத் தகடு) வழியாகப் புகை உள்ளே வந்து காற்றுக் குமிழாக நிற்க வேண்டும். அதுவும் இல்லையென்றால் தண்ணீரைத் தள்ளுகிறவன் தள்ளவில்லை.

அப்பத்தா கண்டுபிடித்தது என்றே நான் சொல்லப் போகிறேன்.

மே 8, மதியம்

"அப்படியானால் ஏப்ரலில் தெர்மோஸ்டாட் இல்லாமலே ஒருமுறை சூடானதே, அப்போதே அது குற்றவாளி இல்லை என்று தெரிந்திருக்குமே" என்று கேட்டவருக்கு: நானும் நேற்று ராத்திரி அதையே நினைத்துத் தலையில் அடித்துக்கொண்டேன். அப்புறம் மே 4 பதிவைப் படித்தேன். தெர்மோஸ்டாட் இல்லாததாலும் சூடாகலாம் என்று நானே எழுதியிருக்கிறேன். ஆக, அந்த ஏப்ரல் நிகழ்ச்சி எதையும் நிரூபிக்கவில்லை. ஒரு கோளாறைத் தேடும்போது இன்னொரு கோளாறை நாமே செய்து வைத்தால் சாட்சி கெட்டுப்போகும்.

மே 9

அண்ணனிடம் போனேன். எஞ்சினைக் குளிர்ந்த நிலையில் ஓடவிட்டு, டப்பா மூடியைத் திறந்து, உள்ளே வந்து விழும் மெல்லிய தண்ணீர்க் கம்பியைக் காட்டினார். ஆக்சிலேட்டரைத் தூக்கினால் கம்பி தடிக்கிறது. "வாட்டர் பாடி தள்ளுது பாருங்க. பெல்ட்டுல பல்லு. எங்க வழுக்கும்?" இந்த இழையின் முதல் பதிவைப் படித்த மாதிரியே பேசினார்.

கேஸ்கெட் சோதனையும் செய்தோம். நீலத் திரவம் உள்ள கண்ணாடிக் குழாயை டப்பா வாயில் வைத்து ஆவியை இழுத்தால், எரிபுகை கலந்திருந்தால் நிறம் மாறும். பதினைந்து நிமிடம் நீலமாகவே இருந்தது. காலையில் குளிர்ந்த வண்டியில் ஹோஸும் கல்லாக இறுகியிருக்கவில்லை. கேஸ்கெட் இல்லை.

(யாரும் சூடான வண்டியில் மூடியைத் திறந்து பார்க்க வேண்டாம். சம அளவு கூலன்ட், தண்ணீர் கலவை திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரியில் கொதிக்கும். மூடி 1 பார் அழுத்தம் பிடித்துக்கொண்டிருந்தால் 120-ஐத் தாண்டியும் கொதிக்காமல் அமைதியாக இருக்கும். திறந்த நொடியில் மொத்தமும் எழும்பும். என் வலது முழங்கைக்குக் கீழே 2009-ல் வாங்கிய தழும்பு ஒன்று இருக்கிறது.)

மே 11, மாலை

இன்றைக்கு நானும் அயித்தானும் மட்டும் போனோம். அப்பத்தாவுக்கு ஓய்வு. வண்டியின் கணினியைப் படிக்க வைத்திருக்கும் ஓ.பி.டி. துளையில் செருகும் புளூடூத் கருவி ஒன்று வாங்கினேன். போனில் கூலன்ட் சூடு டிகிரியில் தெரிகிறது. வண்டியில் உள்ள முள் பொய் சொல்லும் என்பது இப்போதுதான் உறைத்தது: 75-லிருந்து 100 வரை எல்லாவற்றுக்கும் அது நடுவில்தான் நிற்கிறது. ஓட்டுகிறவர் பயப்படக்கூடாது என்று பல கம்பெனிகள் அப்படித்தான் செய்கின்றன. முள் அசைந்தது தெரியும்போது பாதி ஆபத்து கடந்துவிட்டது.

ஹீட்டரைத் திறந்தே வைத்து, ஜன்னல்களை இறக்கிவிட்டு ஓட்டினோம். அயித்தான் ஓட்டல் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டே வந்தார். கிளம்பும்போது 36. கானாடுகாத்தான் விலக்கில் 84. திருமயம் 89. புதுக்கோட்டை 88. கீரனூர் 90. அதற்கு அப்பால் ரோடு காலியாக இருந்தது, நான்காவது கியரிலேயே வைத்து எஞ்சினை நிமிடத்துக்கு 2,900 சுற்றில் பிடித்தேன்.

94. 99. 104.

"ஹீட்டர் செத்துப்போச்சு" என்றார் அயித்தான், துவாரத்தில் கையை வைத்துக்கொண்டு.

109-ல் காலை எடுத்தேன். சுற்று ஆயிரத்துக்கு இறங்கியதும் பத்து நொடியில் துவாரத்திலிருந்து குப்பென்று அனல். அயித்தான் கையை உதறிக்கொண்டார். 108, 103, 96, 91. எல்லாம் இரண்டு நிமிடத்துக்குள்.

திரும்பி வரும்போது இன்னொரு முறை. அதே சுற்று, அதே கதை. சும்மா வருகிற கோளாறு இல்லை இது, கூப்பிட்டால் வருகிறது. ஒன்பது கோயிலில் வராததற்கும் காரணம் தெரிந்துவிட்டது. அந்த ரோடுகளில் 2,000 சுற்றைத் தாண்டவே வழியில்லை. காரைக்குடிக்குள் அண்ணன் ஓட்டிய இரண்டு சுற்றிலும் அப்படியே.

மே 12

கொஞ்சம் வழி மாறுகிறேன். பம்ப் தள்ளாவிட்டால் ஐடிலில் மட்டும் எப்படிச் சூடு இறங்குகிறது, அப்போது பம்ப் தேவையே இல்லையா என்று ஒருவர் கேட்டிருந்தார். பம்ப் இல்லாத காரே இருந்தது. ஃபோர்டு மாடல் டி, 1908-லிருந்து 1927 வரை வந்தது. ஆரம்பத்தில் வந்த கொஞ்சம் வண்டிகளைத் தவிர மற்றதில் பம்ப் கிடையாது. சூடான தண்ணீர் மேலே எழும்பும், குளிர்ந்தது கீழே இறங்கும், அவ்வளவுதான் சுற்று.

என் வண்டியிலும் ஐடிலில் கொஞ்சம் அது நடக்கும் என்று முதலில் எழுதியிருந்தேன். திருத்தம்: ஹீட்டரில் பத்தே நொடியில் அனல் திரும்பியதென்றால் அது தானாக எழும்பிய தண்ணீர் இல்லை. பம்ப் திரும்பத் தள்ளத் தொடங்கியிருக்கிறது.

அம்பாசிடர் வைத்திருந்த அப்பச்சி இதையெல்லாம் கேட்டுவிட்டு, "எங்க வண்டில வாட்டர் பாடி கெட்டா தெருவுக்கே தெரியும்" என்றார். உண்மைதான். அதில் உள்ளே சுற்றுவது வார்ப்பிரும்பு. முன்னால் ஃபேனும் அதே தண்டில். கெடும்போது கத்தும், ஆடும், சொட்டும். இப்போது பல வண்டிகளில் உள்ளே பிளாஸ்டிக் வைக்கிறார்கள், சத்தமில்லாமல் போகிறது.

மே 13

அந்தச் செம்மண் தண்ணீர் பற்றிக் கேட்டவர்களுக்கு ஒரே பதில். ரேடியேட்டரில் வந்த செம்மண் நிறம் துரு. முந்தைய சொந்தக்காரர் போர் தண்ணீரை ஊற்றியிருக்கிறார். உப்புத் தண்ணீரில் உள்ள சுண்ணாம்பு சூட்டில் படியும். குளோரைடு அலுமினியத்தை அரிக்கும். கூலன்டில் அரிப்புத் தடுப்பு மருந்து உண்டு, ஆனால் அது சில வருடத்தில் தீர்ந்துவிடும், அதனால்தான் மாற்றச் சொல்கிறார்கள்.

இதில் சிரிப்பு என்னவென்றால், உலோக அரிப்பை ஆராயவே ஒரு பெரிய நிலையம் நம்ம காரைக்குடியில் இருக்கிறது. வள்ளல் அழகப்பர் 300 ஏக்கரும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953-ல் திறந்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். அதன் மதில் சுவரை ஒட்டி வண்டியை நிறுத்திவிட்டு, போர் தண்ணீர் பிடித்து ரேடியேட்டரில் ஊற்றுகிறவரை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஒருமுறை நானேதான் அவர்.

மே 17, மதியம் 1.30

பம்பைக் கழற்றியாயிற்று. படமெடுத்து வைத்தேன். ஆனால் ஏமாற்றம்.

டைமிங்கைத் திறக்க வேண்டிய வேலை என்பதால் பெல்ட், டென்ஷனர், பம்ப், கூலி எல்லாம் சேர்ந்து பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. காலை எட்டு மணிக்கே தொடங்கி அண்ணன் பதினொன்றரைக்குப் பம்பைக் கையில் கொடுத்தார். புல்லியை ஒரு கையில் இறுக்கிப் பிடித்து, உள்ளே தண்ணீரைத் தள்ளும் இதழ்ச் சக்கரத்தை, அந்தக் கறுப்பு இம்பெல்லரை, மறு கையால் முறுக்கினேன். அசையவில்லை. அண்ணனும் முறுக்கிப் பார்த்தார். துளிகூட ஆட்டம் இல்லை. இதழ்களும் உடையவில்லை.

"சொன்னேன்ல" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பரவாயில்லை.

மே 17, மாலை 5.00

டீ குடிக்கப் போன இடத்தில் பாய்லரைப் பார்த்ததும்தான் தோன்றியது. நாங்கள் முறுக்கிப் பார்த்தது குளிர்ந்த பம்பை. ரோட்டில் அது 90 டிகிரித் தண்ணீருக்குள் இருக்கிறது.

பழைய பெயின்ட் டப்பா ஒன்றில் பாய்லர் வெந்நீரை வாங்கிக்கொண்டு வந்தேன். டீக்கடைக்காரர் காசு வாங்கவில்லை, ஏன் என்று மட்டும் கேட்டார். பம்பை ஐந்து நிமிடம் முக்கி வைத்து, இடுக்கியால் எடுத்து, துணி சுற்றி அண்ணன் புல்லியைப் பிடித்தார். நான் இம்பெல்லரைப் பிடித்து முறுக்கினேன்.

சுற்றியது. சோடா பாட்டில் மூடி மரை தேய்ந்த மாதிரி, பிடிப்பே இல்லாமல் தண்டைச் சுற்றி வந்தது. இம்பெல்லரில் தண்டு நுழையும் நடுத்துளையின் ஓரத்தில் தலைமுடி அளவு ஒரு கீறல். குளிர்ந்திருந்தபோது நகத்தை ஓட்டினாலும் தட்டுப்படாத கீறல், இப்போது வாய் திறந்து நிற்கிறது. மேசையில் வைத்துப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப முறுக்கினோம். இரும்பு மாதிரி நின்றது. இன்னொரு முறை வெந்நீர். சுற்றியது.

அண்ணன் வெகுநேரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மூணு வருசம் முன்னாடி பெல்ட் மாத்துனப்ப இதை யாரு தம்பி மாட்டுனது? கம்பெனி உருப்படி இல்லையே."

"நீங்கதாண்ணே."

அப்புறம் இரண்டு பேரும் இன்னொரு டீ சொன்னோம். கூலியில் ஐநூறு குறைத்துக்கொண்டார்.

மே 18

எப்படி என்று விளக்கம் கேட்டவர்களுக்காக. பிளாஸ்டிக் இம்பெல்லர் எஃகுத் தண்டின் மேல் இறுக்கி அழுத்தப்பட்டது. பசை, ஆணி எதுவும் இல்லை. சூட்டில் பிளாஸ்டிக் எஃகைவிட அதிகம் விரியும், பிடி தளரும். கீறல் விட்டபிறகு கேட்கவே வேண்டாம்.

சூடு மட்டும் போதாது, வேகமும் வேண்டும். தண்ணீரைத் தள்ளத் தேவைப்படும் முறுக்கு விசை சுற்றின் வர்க்கத்தில் ஏறும்: சுற்று இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்கு. ஆயிரம் சுற்றில் தளர்ந்த பிடியே போதும். 2,900-ல் எட்டு மடங்குக்கு மேல் கேட்கிறது, பிடி விட்டுவிடுகிறது. பல்லுள்ள பெல்ட் வழுக்கவில்லை, புல்லி வழுக்கவில்லை, தண்டு வழுக்கவில்லை. தண்டின் மேலிருந்ததுதான் வழுக்கியது. முதல் பதிவு எழுதியவர் பெல்ட்டோடு நின்றுவிட்டார். நானும் மே 7 வரை அங்கேதான் நின்றேன்.

வெந்நீரில் சுற்றுவது 95 டிகிரிப் பக்கம்தான் உறுதி. 85-ல் என்ன செய்கிறது என்று பார்க்கவில்லை. அப்பத்தாவின் காய்ச்சல் மானி 42-க்கு மேல் காட்டாது.

ஜூன் 9

திருச்சி இரண்டு முறை போய் வந்தாயிற்று. கீரனூருக்கு அப்பால் வேண்டுமென்றே 3,000 சுற்றில் பத்து நிமிடம் பிடித்தேன். 89, 90, 90, 91, 90. புதுப் பம்பில் உள்ளே உலோகம். வாங்கும்போதே திருப்பிப் பார்த்துத்தான் வாங்கினேன்.

ஹீட்டர் கொதிக்கக் கொதிக்க வந்தது. அப்பத்தா, "போன மாசம் போட்டியே, அந்தக் காத்தைப் போடு" என்கிறார். அது வராது என்று எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

பழைய பம்ப் என் மேசையில் பில் கட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கையில் பிடித்துக் காட்டச் சொன்னவர் முகவரி கொடுத்தால் கூரியரில் அனுப்புகிறேன். வெந்நீர் அவர் செலவு.